ஹீட்டர் ஃபேன் ஏன் ஓடவில்லை என்று கேட்டாயே

மகனே,

கடிதம் என்றால் நலம் விசாரித்துத்தான் தொடங்குவார்கள். நான் விசாரிக்கப்போவதில்லை. நீ நன்றாகத்தான் இருக்கிறாய் என்பது, போன வாரம் எஸ்.டி.டி. பூத்துக்கு என்னை வரச்சொல்லி நீ பேசிய பேச்சிலேயே தெரிந்தது. சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. தனியாக எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை. எடுத்த எடுப்பில், "அம்மா, காரு நல்லா ஓடுது, அந்த ஹீட்டர் ஃபேன் மட்டும் ஓட மாட்டேங்குது. அப்பா அதுல எதுவும் கைவெச்சாரா? உனக்கு ஏதாச்சும் தெரியுமா?" என்றாய். புருஷனைப் பறிகொடுத்து, வருஷத் திதிகூட இன்னும் வராமல் உட்கார்ந்திருக்கிறவளிடம் பெற்ற பிள்ளை கேட்கவேண்டிய கேள்விதான். பூத்தில் ஆட்கள் நின்றார்கள் என்று, தெரியாது என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். எனக்குத் தெரியும். அதைத்தான் எழுதப்போகிறேன். அஞ்சாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள் நான், என் கையெழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும். யாரையாவது உட்காரவைத்துச் சொல்லச்சொல்ல எழுதியிருக்கலாம். ஆனால் இதில் இருப்பதை உனக்கு முன்னால் இன்னொருத்தர் கேட்கக்கூடாது என்பதால் நானே எழுதுகிறேன். எழுத்தைக் கூட்டிப் படி. அவசரப்படாதே.

நீ போனில் சொன்னதை எல்லாம் கேட்டுக்கொண்டுதான் நின்றேன். முதலில் ஃப்யூஸைப் பார்த்தாயாம், போகவில்லையாம். ஸ்விட்சுக்குக் கரண்டு வருகிறதா என்று பல்பு வைத்துப் பார்த்தாயாம், வருகிறதாம். இருந்தாலும் பழைய ஸ்விட்சு என்று அதையும் மாற்றினாயாம். மோட்டாரை வெளியே எடுத்து நேராக பேட்டரியில் கொடுத்தபோது கொஞ்சம் முனகியதாம், எண்ணெய் விட்டதும் ஜோராகச் சுற்றியதாம். திரும்ப உள்ளே மாட்டினால் பிணம் மாதிரி கிடக்கிறதாம். எர்த் சரியில்லையோ என்று பெயிண்டைச் சுரண்டிப் புதுக் கம்பி இழுத்தும் பிரயோசனம் இல்லையாம். எவ்வளவு பொறுமை உனக்கு! இது இல்லை என்றால் அது, அது இல்லை என்றால் அடுத்தது. உங்கப்பா ஆஸ்பத்திரியில் மூச்சுக்குத் திணறிக்கொண்டு கிடந்தபோது இந்தப் பொறுமையை எங்கே வைத்திருந்தாய்? வந்தாய், டாக்டரிடம் இங்கிலீஷில் பேசினாய், கட்டில் பக்கத்தில் ஆரஞ்சுப் பழத்தை வைத்தாய், கம்பெனியில் லீவு இல்லை என்று திருச்சிக்கு பஸ் ஏறினாய். கருமாதி முடிந்த மறுநாள் மட்டும் லீவு இருந்தது. கொட்டகையில் கிடந்த காரின் மேலிருந்து தார்ப்பாயை இழுத்துப் போட்டுவிட்டு, அதை ஓட்டிக்கொண்டு திருச்சிக்குக் கிளம்புகிற வரைக்கும் அதன் அடியிலேயே படுத்துக்கிடந்தாய். நான் உள்ளே தரையில் படுத்திருந்தேன். ஸ்பேனர் விழுகிற சத்தம்தான் எனக்கு ஆறுதல் சொன்னது.

இந்த ஊர் வெயிலுக்குக் காரில் ஹீட்டர் எதற்கு என்று உன் பெண்டாட்டி வருகிறபோது கேட்பாள். இப்போதே தெரிந்துவைத்துக்கொள். அது மலையில் தேயிலைத் தோட்டம் வைத்திருந்த வெள்ளைக்காரன் கார். அவன் ஊருக்குக் கிளம்பும்போது பண்ணையார் வாங்கிக் கீழே கொண்டுவந்தார். குளிருக்குப் பிறந்த வண்டி. வேகமாகப் போகிற வரைக்கும் சும்மா இருக்கும், மாட்டுவண்டிக்குப் பின்னால் உருண்டால் போதும், தண்ணீர் கொதித்துவிடும். அதற்கு உங்கப்பா ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். இஞ்சினின் கொதிக்கிற தண்ணீர்தான் குழாய் வழியாக ஹீட்டருக்கு வருகிறது. ஹீட்டரைத் திறந்து ஃபேனையும் போட்டால், இஞ்சின் சூடு பாதி காருக்குள்ளே இறங்கிவிடும். உள்ளே இருப்பவன் வேகவேண்டும், வெளியே இஞ்சின் பிழைத்துக்கொள்ளும். பண்ணையார் மகன் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை அழைப்பு அந்தக் காரில்தான் போனது. நாகஸ்வரக்காரர் ஒவ்வொரு முச்சந்தியிலும் நின்று ஒரு கீர்த்தனை வாசிக்க, உங்கப்பா ஹீட்டர் ஃபேனைப் போட்டார். பட்டு வேட்டி, கோட்டு, ரோஜா மாலையோடு பின்னால் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளைக்குக் கன்னத்துத் திருஷ்டிப் பொட்டு கரைந்து தாடை வரைக்கும் ஓடியது. "யோவ் டிரைவர், கல்யாணத்துக்குக் கூட்டிட்டுப் போறியா, அவிக்கக் கூட்டிட்டுப் போறியா?" என்று அவர் கேட்டதை அன்றைக்கு ஊரே சொல்லிச் சிரித்தது. நானும் சிரித்தேன். எனக்குக் கல்யாணமாகிச் சில மாதம். டிரைவர் பெண்டாட்டி என்கிற பவுசு.

அந்த மாப்பிள்ளையின் மகன்தான் உன் சிநேகிதன். உன்னோடு ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனவன். அப்பா சாவுக்குக் கரை வேட்டி கட்டிக்கொண்டு ஆள் உயர மாலையோடு வந்தான். உன்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "உங்கப்பா எங்க தாத்தாவுக்கு வலது கைடா" என்றான். நீ அவன் தோளில் சாய்ந்து அழுதாய். என் தோள் பக்கத்தில்தான் இருந்தது. "எங்க தாத்தா ஆசையாக் குடுத்த காருடா அது. என் கல்யாணத்துக்கு அதுலதான் ஊர்வலம் வரணும்னு ஆசை" என்று அவன் சொல்ல, நீ தலையை ஆட்டினாய். பிணம் இன்னும் வீட்டில் இருந்தது. நீ தலையாட்டியதைப் பார்த்துக்கொண்டுதான் பாடையருகே உட்கார்ந்திருந்தேன். அப்போதே வாயைத் திறந்திருப்பேன், ஊர்ப் பெண்கள் என்னைப் பிடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். என் சத்தம் கேட்டிருக்காது.

பண்ணையார் ஆசையாகக் கொடுத்தார் என்பது உங்கப்பா உனக்குச் சொன்ன கதை. நீ சின்னப்பிள்ளையாக இருந்தபோது அந்தக் கார் வாடகைக்கு ஓடித்தான் உனக்குச் சோறு போட்டது. எப்படி வந்தது என்று கேட்பாய். "பெரியவர் என் மேல பிரியப்பட்டுக் குடுத்தார்டா" என்பார். அந்தக் கதை உனக்காக மட்டும் இல்லை. அந்த வீட்டுக்காரர்கள் ஊரில் பெரிய மனுஷர்களாகவே இருந்தார்கள், அவர் வண்டி அவர்கள் வாசல் வழியாகத்தான் போகவேண்டும், சவாரிக்கு அவர்கள் வீட்டு ஆட்களும் வரவேண்டும். பொய் சொல்லிச் சொல்லி அவருக்கே அது பழகிவிட்டது. நான் குறுக்கே பேசவில்லை, உன் தட்டில் சோறு விழுகிறதே என்று. இப்போது அவர் இல்லை. உன் தட்டில் நீயே போட்டுக்கொள்கிறாய். ஆகவே கேள்.

கட்சிக்காரர்கள் கோட்டையைப் பிடித்து இரண்டொரு அறுப்பு கடந்திருந்தது. இனி நம்ம ஆட்சி, ஏழைக்கு ஒரு குறையும் வராது என்று மேடைக்கு மேடை பேசினார்கள். பண்ணையார் கதர் வேட்டியை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டுக் கரை வேட்டிக்கு மாறினார். கூலி நெல் அளக்கிற மரக்கால் மட்டும் மாறவில்லை. அடியில் மரத்தகடு வைத்துத் தைத்த மரக்கால் அது, நிறைய அளந்தாலும் நெல் குறையும், எல்லோருக்கும் தெரியும். சரியான மரக்காலால் அளந்தால்தான் குறுவைக் கதிரில் அரிவாள் வைப்போம் என்று நம் தெருவே உட்கார்ந்துவிட்டது. நெல் முற்றித் தலைசாய்ந்து நிற்கிறது, தொட ஆளில்லை. வெளியூரிலிருந்து ஆள் இறக்கப்போகிறார்கள் என்று பேச்சு வந்தது. உன் பெரியம்மா, என் கூடப் பிறந்த அக்கா, அப்போது கூலிக்காரர் சங்கத்தில் முன்னால் நிற்கிறவள். நான் கோயில் குளத்துக்குப் போனாலும் காதுபடச் சொல்வாள்: "வழிய விடுங்கடி, பண்ணை வீட்டம்மா வர்றாங்க. காரு எங்கம்மா, பின்னாடி வருதா?"

வீட்டுக்கு வந்து உங்கப்பாவிடம் அழுதேன். "அந்த வேலைய விட்டுடுங்க. என் அண்ணன் தம்பி எல்லாம் பட்டினி கெடக்கிறாங்க, நீங்க அவருக்குக் கதவத் தொறந்துவிட்டுக்கிட்டு நிக்கிறீங்க" என்றேன். அவர் வெள்ளை யூனிஃபார்முக்குக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தார். "வண்டி ஓட்டுறவனுக்குக் கட்சி ஏது புள்ள. அவங்க சண்டை அவங்களோட" என்றார். "அவங்கன்னா யாரு? நான் யாரு?" என்று கேட்டேன். கஞ்சிச் சட்டியை உதைத்துத் தள்ளிவிட்டு, கைக்குழந்தையான உன்னைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்விட்டேன். வாசலிலேயே அக்கா, "வந்துட்டியா? பொட்டியோட வந்திருக்கியா, வேவு பாக்க வந்திருக்கியா?" என்றாள். கேட்டுக்கொண்டே உன்னை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அவள் அப்படித்தான்.

வெளியூர் ஆள் வருகிற அன்றைக்கு மதகடியில் போய் நின்றோம். உனக்கு அந்த இடம் தெரியும். ஒரு பக்கம் வாய்க்கால், ஒரு பக்கம் பள்ளத்து வயல், நடுவே ஒரு வண்டிதான் போகலாம். ஆம்பிளைகள் நின்றால் போலீஸ் அடிக்கும் என்று பெண்கள் மட்டும் நின்றோம், பிள்ளைகுட்டியோடு. புரட்டாசி வெயில் மண்டையைப் பிளந்தது. முன்னால் பண்ணையார் கார், ஓட்டுவது உங்கப்பா. பின்னால் டிராக்டர் டிரெய்லரில் அரிவாளும் கையுமாக வெளியூர் ஆட்கள். கார் எங்களுக்கு முன்னால் வந்து நின்றது. கண்ணாடி இறக்கி வைத்திருந்ததால் உள்ளே பேசுவது எல்லாம் கேட்டது. "நிக்காதடா, மெதுவா உருட்டு. பம்பர் பட்டா தானா ஒதுங்குவாளுவ" என்றார் பண்ணையார். உங்கப்பா உருட்டினார்.

இதை நன்றாகக் கேள். உருட்டினார். நான் முன்வரிசையில் இருந்தேன், நீ என் இடுப்பில் இருந்தாய். வெயிலுக்கு உன் தலையில் என் முந்தானையைப் போட்டிருந்தேன். அதற்குள்ளிருந்து நீ காரைப் பார்த்து, "அப்பா, ப்பா" என்று கையை நீட்டினாய். பம்பர் என் முழங்காலில் வந்து இடித்தது. அக்கா பக்கத்திலிருந்து, "நவராதடி! அவன் ஏத்தட்டும், ஊரு பாக்கட்டும்!" என்று கத்தினாள். நான் நகரவில்லை. இடித்த பிறகும் வண்டி இன்னும் கொஞ்சம் வந்தது. நான் பின்னால் சாய்ந்து, அக்கா என்னைத் தாங்கிப் பிடித்தாள். கண்ணாடிக்குப் பின்னால் உங்கப்பா முகத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. உன்னைப் பார்க்கவில்லை. கீழே, சூடு காட்டுகிற முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எசமான், வண்டி கொதிக்குது" என்றார். பண்ணையாருக்கும் அந்த வித்தை தெரியுமே. "ஃபேனைப் போடுடா, எத்தனை தடவை போட்டிருக்க" என்றார். "போட்டேனுங்க. ஓடலீங்க." "சரியாப் போடுடா நாயே!" ஸ்விட்சு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று டக் டக் என்று கேட்டது. ஃபேன் ஓடவில்லை. "அணைச்சுடட்டுங்களா?" என்று கேட்டார். "அணைச்சா உன்னைக் கொன்னுடுவேன். ஏத்துடா! நின்னா செத்தாளுவ, ஏத்து!" அதுதான் உன் சிநேகிதனின் தாத்தா சொன்ன வார்த்தை. முன்னால் நின்றது நீயும் நானும். அதற்குள் பானெட்டைத் தூக்குகிற மாதிரி ஆவி சீறிக்கொண்டு கிளம்பியது, டமார் என்று ஒரு சத்தம், இஞ்சின் இறுகி நின்றுவிட்டது. செத்துப்போன கார் பாதையை அடைத்துக்கொண்டது. டிராக்டர் முன்னாலும் போக முடியாது, திரும்பவும் முடியாது. வெளியூர் ஆட்கள் இறங்கி வந்து எங்களையும் இடுப்புப் பிள்ளைகளையும் பார்த்தார்கள். அதில் ஒரு பெரியவர், "பொம்பளைங்க மேல நடந்து போய் அறுக்கணும்னு எங்களுக்குச் சொல்லலியே" என்று அரிவாளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்த வழியே நடந்தார். மற்றவர்களும் போய்விட்டார்கள். அந்த அறுப்பு சரியான மரக்காலில்தான் நடந்தது. பண்ணையார் இறங்கி உங்கப்பாவை எல்லார் முன்னாலும் செருப்பால் அடித்தார். பிறகு காரை ஓர் உதை உதைத்து, "தூக்கிட்டுப் போடா, நீயே கட்டிக்கிட்டு அழு. இனிமே பண்ணை வாசல்ல உன் நெழல் விழக்கூடாது" என்றார். அவர் ஆசையாகக் கொடுத்தது இப்படித்தான். உன் மாமன்மார் உழவு மாட்டைப் பூட்டி அந்தக் காரை இழுத்துக்கொண்டு வந்து நம் கொல்லையில் விட்டார்கள். பண்ணையாருக்கு அடுத்த மாதமே புதுக் கார் வந்துவிட்டது.

பட்டணத்து மெக்கானிக் ஒருத்தர் வந்து, இறுகிய இஞ்சினைப் பிரித்துச் சரிசெய்துவிட்டு, ஃபேன் மோட்டார் புகைந்துவிட்டது என்று சொல்லிப் போனார். அவர் மோட்டாரைக் கழற்றிப் பார்க்கவில்லை, நீ பார்த்துவிட்டாய். நான் அக்கா வீட்டிலிருந்து திரும்பவில்லை. உங்கப்பா தினமும் அந்த வாசலில் வந்து நிற்பார். "நீ கோழை. உன் புள்ளை மேல வண்டிய ஏத்த வந்தவன்" என்று மரியாதை இல்லாமல் பேசினேன். ஒரு நாள் மத்தியானம் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், அந்தக் காரின் முன் சீட்டில் உட்காரவைத்து, எதிரே இருந்த சின்னப் பெட்டியைக் கழற்றினார். அதற்குப் பின்னால், ஸ்விட்சிலிருந்து மோட்டாருக்குப் போகிற கம்பியில் கறுப்பு டேப் சுற்றிய ஓர் ஒட்டு இருந்தது. "பாரு" என்று டேப்பைப் பிரித்தார். வெளியே பார்த்தால் ஒட்டுப் போட்ட கம்பி. உள்ளே கம்பி வெட்டியிருந்தது. இரண்டு முனைக்கும் நடுவே சைக்கிள் ட்யூப் துண்டு ஒன்று செருகி, மேலே டேப்பை இறுக்கிச் சுற்றியிருந்தார். "வெளியூர் ஆளு வருதுன்னு தெரிஞ்சதும் ஷெட்ல வெச்சு நான்தான் வெட்டுனேன். மதகடியில நீங்க நிப்பீங்கன்னு தெரியும். நின்னா வண்டி கொதிக்கும், கொதிச்சா நின்னுடும்னு கணக்குப் போட்டேன்" என்றார். ஃப்யூஸ், ஸ்விட்சு, மோட்டார், எர்த் எல்லாம் சரியாக இருந்தும் ஃபேன் ஏன் ஓடவில்லை என்று கேட்டாயே, இதுதான் காரணம். வண்டியில் பழுது எதுவும் இல்லை.

அதைக் கேட்டதும் நான் பூரித்துப்போயிருக்க வேண்டும் என்று நினைப்பாய். ஊரில் யாருக்காவது தெரிந்திருந்தால் அவரைத் தோளில் தூக்கியிருப்பார்கள். நான் ஒன்றுதான் கேட்டேன். "முள்ளு ஏறாம இருந்திருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? அன்னிக்கு மழை பேஞ்சு வண்டி கொதிக்காமப் போயிருந்தா?" அவர் டேப்பை மறுபடி சுற்றிக்கொண்டே இருந்தார். "உங்க கால் பிரேக்குல இருந்துச்சா? அத மட்டும் சொல்லுங்க, நான் வீட்டுக்கு வந்துடறேன்" என்றேன். அவர் சொல்லவில்லை. பதில் வாங்காமலே நான் வீட்டுக்கு வந்தேன், வேறு எங்கே போவேன்? அதற்கப்புறம் சண்டை வந்தபோதெல்லாம் கேட்டிருக்கிறேன், சந்தோஷமாக இருந்தபோதும் கேட்டிருக்கிறேன். அந்தக் கம்பியை அவர் சேர்க்கவே இல்லை. கார் கொதித்தால் ஓரமாக நிறுத்தி வாய்க்கால் தண்ணீரை மொண்டு ஊற்றுவார். நல்ல மனுஷர்தான். என்னைக் கை நீட்டி அடித்ததில்லை, குடித்ததில்லை. அவரோடு இத்தனை காலம் படுத்து எழுந்திருக்கிறேன், அந்த ஒரு பதிலை மட்டும் வாங்க முடியவில்லை. ஆஸ்பத்திரியில் நீ ஆரஞ்சுப் பழம் வைத்துவிட்டுப் போனபின், அவர் காதுக்குப் பக்கத்தில் குனிந்து கடைசியாகவும் கேட்டேன். சாகப்போகிறவரிடம் கேட்கிற கேள்வியா என்று நீ கேட்பாய். எனக்கு வேறு நேரம் இல்லை. கண்ணை மூடிக்கொண்டார். அப்புறம் திறக்கவில்லை. அவருக்காக அழுகிறேனா, அந்தப் பதிலுக்காக அழுகிறேனா என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. இரண்டும் ஒரே கண்ணீராகத்தான் வருகிறது.

நேற்று உன் சிநேகிதன் தாம்பாளத்தில் பத்திரிகை வைத்துக்கொண்டு வந்தான். கட்சிக்காரப் பையன்கள் பின்னால் நின்றார்கள். "நீங்க அவசியம் வரணும்மா. ஊர்வலம் உங்க தெரு வழியாத்தான் வருது, மதகடி வழியா" என்றான். அடுத்து ஊராட்சித் தேர்தல் வருகிறது, எனக்கா தெரியாது? எங்கள் தெருவில் எத்தனை ஓட்டு இருக்கிறது என்று பார்த்துத்தான் பாதை போட்டிருக்கிறான். "வண்டி யாரு ஓட்டுறது தம்பி?" என்று கேட்டேன். "வேற யாரு, உங்க புள்ளதான். நான் டிரைவர் போட்டுக்கிறேன்னுதான் சொன்னேன். அவன்தான் எங்கப்பா இடத்துல நான் உக்காருறேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறான். அந்தக் காலத்து மாதிரியே வெள்ளை யூனிஃபார்மு தெச்சாச்சும்மா, தொப்பியோட. அளவுகூட அவனே அனுப்பிட்டான்" என்றான். அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. மதகடியில் நீ என் இடுப்பில் இருந்தபோது அவன் அந்த வீட்டுத் தொட்டிலில் கிடந்தவன். தாத்தா சொன்ன வார்த்தைக்கு அவன் என்ன செய்வான்? என் கோபம் உன்மேல்தான். இஞ்சினீயர் என்று பெயருக்குப் பின்னால் எழுத்துப் போட்டுக்கொள்கிறாய். அந்தச் சட்டைக்கு நம் வீட்டில் இனி யாரும் கஞ்சி போடக்கூடாது என்றுதான் உன்னைப் படிக்கவைத்தேன். நீ அளவெடுத்து அனுப்புகிறாய். யாராவது உன் அப்பாவை உனக்கு முன்னால் புகழ்ந்தால், முதலில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவனுக்கு உன்னிடம் என்ன வேண்டும் என்று பார். தாய் இதைத்தான் சொல்லித்தர முடியும். மற்றதெல்லாம் உன் கம்பெனியில் சொல்லித்தருவார்கள்.

பாதி வழியில் கார் கொதித்து நின்றால் அவமானமாகப் போய்விடும் என்றுதானே ஃபேனுக்கு இந்தப் பாடுபடுகிறாய்? நாகஸ்வரம் முச்சந்திக்கு முச்சந்தி நிற்கும், வண்டி நடை வேகத்தில் வரவேண்டும், ஃபேன் இல்லாமல் ஆகாது. சரி. அந்தச் சின்னப் பெட்டியைக் கழற்று. டேப்பைப் பிரித்து ட்யூப் துண்டை எடுத்து எறிந்துவிட்டு, கம்பியை நன்றாக முறுக்கிச் சேர். ஃபேன் ஓடும். எத்தனை நேரம் வேண்டுமானாலும் உருட்டலாம், முள் ஏறாது. வேறு ஏதாவது சந்தேகம் இருந்தால் ஒருமுறைக்கு இரண்டுமுறை சரிபார்த்துக்கொள், வண்டி வழியில் நிற்கவே கூடாது. யூனிஃபார்மைப் போட்டுக்கொள், தொப்பியையும் வைத்துக்கொள், மாப்பிள்ளையைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வா. நான் யாரையும் கூட்டிக்கொண்டு வரமாட்டேன். உன் பெரியம்மாவுக்குக்கூடச் சொல்லவில்லை. மதகடியில் பாதை நடுவில் நான் மட்டும் நிற்பேன், நகரமாட்டேன். உங்கப்பாவுக்காவது வெட்டிவைத்த ஒரு கம்பி இருந்தது. உனக்கு அதுவும் இருக்காது. வண்டி நின்றால் நீ நிறுத்தியதாக இருக்கவேண்டும், வந்தால் நீ ஏற்றியதாக இருக்கவேண்டும். உன் கால் எங்கே இருக்கிறது என்று மட்டும் நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

இப்படிக்கு,
உன் அம்மா